வாஹித் பாஷாவும் ஆம்பூர்க் கொசுவும்

தட்டில் விழுந்த தோசையை வாஹித் பாஷா உடனே பிய்க்கமாட்டார். விரல் நுனியால் ஓரத்தைத் தூக்கிப் புரட்டி, மறுபக்கத்தை ஒரு பார்வை பார்ப்பார். திருப்தி என்றால் தலையை ஆட்டிவிட்டு, திரும்பவும் நேராகப் போட்டுச் சாப்பிடுவார். ஆம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஓட்டல்காரர் முதலில் இதற்காகக் கோபித்துக்கொண்டார். இப்போது தாமே புரட்டிக் காட்டிவிட்டு வைக்கிறார். சட்டைத்துணி, மாம்பழம், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் மறுபக்கம் பார்க்காவிட்டால் பாஷாவுக்குக் கை அரிக்கும். "மேல்பக்கம் எல்லாம் அழகாத்தான் சார் இருக்கும். கத்தி பட்ட காயம் சதைப்பக்கத்துலதான் தெரியும்" என்பார்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் நிசார் அஹமது சாயபுவின் தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்துக்கு ஷாப்பு என்றுதான் பெயர். அங்கே போய் யாரும் செருப்பு விலை கேட்கவேண்டாம். பாஷா பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "முதல் தரம்", "மூணாந்தரம்" என்று சொல்லிக்கொண்டே போவார். ஓட்டை இருந்தால் அதைச் சுற்றிக் காப்பிங் பென்சிலால் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் போடுவார். நெட்டையான ஆள். நகமெல்லாம் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையின் கறை. காதில் எப்போதும் அந்தப் பென்சில்.

இந்த மனிதர் ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு ஆசிரியர் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. 'கண்கூடு' என்று மாதம் ஒருமுறை, பதினாறு பக்கம், முந்நூறு பிரதி. வீட்டில் பேசுவது உருது, படித்தது பாதிரிமார் பள்ளிக்கூடத்தில், எழுதுவது தமிழ். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் மட்டும் அவருக்குத் தீராத சந்தேகம். அதற்காகத்தான் என்னைப் பிடித்தார். நான் வேலூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஷாப்புக்கு விடுமுறை வெள்ளிக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கும். ஆகவே வாரம் தவறாமல் ரயிலேறி வந்து, தோல் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து அவருடைய ஒற்றுகளைத் திருத்துவேன். வீட்டுக்குத் திரும்பினால் என் மனைவி சட்டையைத் தனியாக ஊறப்போடுவாள்.

'கண்கூடு' பத்திரிகையின் பெருமை அதன் பதினாறு பக்கத்தில் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற கூட்டத்தில் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் பாஷா ஒரு சேதி படித்தார். எகிப்து தேசத்தில் ராஜாவின் சமாதியில் மூவாயிரம் வருஷம் கிடந்த கோதுமையை எடுத்து விதைத்தார்களாம், முளைத்துவிட்டதாம். மற்றவர்கள் அதிசயப்பட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். பாஷா ஒரு தபால் கார்டு எழுதினார். விலாசம்: "கெய்ரோ நகரில் உள்ள ஏதாவது ஒரு விஞ்ஞானப் பத்திரிகை ஆசிரியருக்கு." கார்டில் ஒரே கேள்வி: "நீங்கள் பார்த்தீர்களா?"

கெய்ரோ தபால்காரனும் ஒரு புண்ணியவான் போலிருக்கிறது. கார்டு ஃபஹ்மி என்பவர் கையில் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மாதம் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறவர். அவர் மெனக்கெட்டு அந்தத் தோட்டத்துக்கே போய்த் தோட்டக்காரனுக்கு ஒரு சுருட்டு வாங்கிக்கொடுத்து விசாரித்தார். பழைய கோதுமை முளைக்காமல் போகவே, துரைமார் வருத்தப்படுவார்களே என்று தோட்டக்காரன் சந்தையில் புதுக் கோதுமை வாங்கி ஊன்றியிருக்கிறான். ஃபஹ்மியின் பதில் 'கண்கூடு' முதல் பக்கத்தில் வந்தது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது சிநேகம். பிறகு கொழும்பில் பெரேரா சேர்ந்தார். தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. ஹாலந்தில் யான்சென் சேர்ந்தார், மருந்துக்கடை வைத்திருப்பவர். நாலு பேரும் நாலு பாஷையில் பத்திரிகை நடத்துகிறவர்கள். தங்களுக்குள் எழுதிக்கொள்வது இங்கிலீஷில். "நாலு பேருக்கும் அது சொந்த பாஷை இல்ல சார், அதனாலதான் சண்டை வரல" என்பது பாஷாவின் அபிப்பிராயம். கூட்டத்துக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் உண்டு. பாஷா அதைத் தமிழில் 'பார்த்தவர் கூட்டம்' என்று வைத்துக்கொண்டார். சட்டம் சுருக்கமானது. அவரவர் ஊர்ச் சேதிக்கு அவரவர் ஜவாப்தாரி. கேட்டால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் எழுதவேண்டும். கூட்டத்தில் ஒருவர் போட்டது என்றால் மற்றவர் மறுபேச்சில்லாமல் எடுத்துப் போடலாம். அதற்காக ஒவ்வொரு மாதமும் அவரவர் பத்திரிகையை இங்கிலீஷில் சுருக்கி மற்ற மூவருக்கும் அனுப்பிவிடுவார்கள்.

ஒருமுறை யான்செனிடமிருந்து கேள்வி வந்தது. உங்கள் ஜில்லாவில் ஒடுகத்தூர் மலையடியில் நூற்றறுபது வயதுச் சாமியார் ஒருவர் இலை மட்டுமே தின்று வாழ்கிறாராமே? பாஷா ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மோட்டார் பிடித்துப் போனார். சாயங்காலம் வரை காத்திருந்து சாமியாரைப் பார்த்தார். மறுநாள் ஹாலந்துக்குக் கார்டு போயிற்று: "பார்த்தேன். வயது எழுபதுக்குள். கருவாட்டுக் குழம்பு விரும்பிச் சாப்பிடுகிறார்." யான்சென் அந்தக் கார்டைத் தம் மருந்துக்கடையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாராம்.

பாஷாவின் மனைவி முனவ்வர் பேகத்துக்கு இந்த மூன்று பேரும் நாத்தனார் வீட்டு மனிதர்கள் மாதிரி. "ஹாலந்துக்காரர் ஊர்ல குளிராம், பாவம்" என்று பெருமூச்சு விடுவார். பெருநாளைக்கு ஒரு வாழ்த்துக் கார்டு கெய்ரோவுக்கு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு கார்டு மற்ற இருவருக்கும். அதில் மட்டும் தவறவிடமாட்டார்.

இப்படி எகிப்து ராஜாவையும் ஒடுகத்தூர்ச் சாமியாரையும் புரட்டிப் பார்த்த மனிதருக்குப் போன அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. ஒரு மதராஸ் தினசரியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'தோல் பதனிடும் ஊர்களில் மலேரியா இல்லை. வாடைக்குக் கொசு அண்டுவதில்லை. ஹாலந்து விஞ்ஞானிகள் முடிவு.' உதாரணத்துக்கு ஆம்பூர் பெயரே இருந்தது.

ஊர் குதித்தது. குதிக்காமல் என்ன செய்யும்? ரயிலில் போகிறவர்களெல்லாம் ஆம்பூர் வந்ததும் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நம்மைப் பரிதாபமாகப் பார்த்த காலம் மலையேறிவிட்டது அல்லவா! நிசார் அஹமது சாயபு அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் டீ. "இனிமே எவனாவது நாத்தம்னு சொல்லட்டும், பாக்கறேன்" என்றார். பாஷாவுக்கும் ஒரே பூரிப்பு. யான்செனின் செப்டம்பர் இதழிலிருந்து எடுத்த சேதி என்று தினசரியே சொல்லியிருந்தது. கூட்டத்து ஆள் போட்டதற்கு மறுபேச்சு ஏது? நவம்பர் 'கண்கூடு' அட்டையில் அதே சேதி வந்தது. ஒற்றெல்லாம் சரிபார்த்துக் கொடுத்தவன் நான்தான்.

தன் ஊர்ச் சேதிக்குத் தானே ஜவாப்தாரி என்ற சட்டம் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஹாலந்து சொல்லிவிட்டதே, அப்புறம் ஆம்பூரில் என்ன பார்ப்பது?

ஷாப்பின் பின்கட்டில் ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்களில் கெங்கம்மாள் ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். உலக்கை போட்டால் பக்கத்துச் சுவர் அதிரும். நவம்பர் நடுவில் ஒருநாள் அவள் உலக்கையைச் சாய்த்துவிட்டுப் பட்டைக் குவியலோரம் சுருண்டு படுத்திருப்பதைப் பாஷா பார்த்தார். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா இல்லியா?"

"போனேன் பாய். குளுரு ஜொரம், மலேரியாவாம். கொயினா மாத்திரை குட்த்தாங்க."

"சாப்ட்டியா?"

"எதுக்கு? இந்த நாத்தத்துக்கு அந்த ஜொரமே வராதுன்னு நீயே பொஸ்தகத்துல போட்டுக்கினியாம். மேஸ்திரி படிச்சுச் சொன்னாரு. அப்போ இது வேற இன்னாவோ ஜொரம். அந்தக் கசப்பை எவ முழுங்குவா?"

பாஷா பிறகு என்னிடம் சொன்னார்: "சார், முந்நூறு பிரதியில ஒண்ணையாவது ஒருத்தர் நம்பறாங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பயமா பூட்ச்சு."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு அவர் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் ஒரு முக்காலியைப் போட்டார். ஊரிலேயே வாடை ஜாஸ்தியான இடம் அதுதான். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்தார். கடித்த இடத்தில் எல்லாம் காப்பிங் பென்சிலால் ஒரு வட்டம். பதினேழு வட்டம். அதில் நாலு கொசு வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. மலேரியாக் கொசு அப்படித்தான் உட்காரும் என்று அவரே இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் முனவ்வர் பேகம் கையைப் பிடித்து விளக்கில் பார்த்துவிட்டு, "உங்களையே மூணாந்தரம்னு தள்ளிடப்போறாங்க" என்றாராம்.

மறுநாள் காலை பாஷா நேரே கெங்கம்மாளிடம் போய்க் கையைக் காட்டினார். ஹாலந்தில் தப்பாக எழுதிவிட்டார்கள், நீ மாத்திரையைச் சாப்பிடு என்று கெஞ்சினார். அவள் மசியவில்லை.

"போன வாரம் வராதுன்ன. இந்த வாரம் வரும்ன்ற. அவன் தப்பு பண்ணானா நீ தப்பு பண்றியா, எனக்கு இன்னா தெரியும் போ பாய்."

பாஷா நேரே தபாலாபீஸுக்குப் போனார். அன்றைத் தபாலிலேயே மூன்று கார்டு போயிற்று. கொழும்பு, கெய்ரோ, ஹாலந்து, மூன்றுக்கும் ஒரே வாசகம்: "ஆம்பூர்க் கொசுவை முதலில் பார்த்தவர் யார்?"

கொழும்புத் தபால்தான் சீக்கிரம் வரும். பத்தாம் நாள் பெரேராவின் கடிதம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் இருந்தேன். பெரேரா கொஞ்சம் ஆச்சரியத்தோடுதான் எழுதியிருந்தார். 'நீங்கள்தான். உங்கள் மார்ச் இதழ், பதினோராம் பக்கம். உங்கள் சுருக்கத்தில் கண்டபடியே மே மாதம் போட்டேன். கெய்ரோ நண்பர் என்னிடமிருந்து எடுத்தார்.'

பாஷா பழைய இதழ்க் கட்டை அவிழ்த்து மார்ச்சைத் தேடி எடுத்தார். கொசுவைப் பற்றிய கட்டுரை. நடுவில் ஒரு வரி: 'எங்கள் ஷாப்பு வாடைக்குக் கொசுகூட மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும்.' வேடிக்கைக்கு எழுதியது. அதைப் பிழைதிருத்தும்போது நான் வாய்விட்டுச் சிரித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் சுருக்கத்தில் மூக்கும் போய்விட்டது, சிரிப்பும் போய்விட்டது. 'தோல் ஷாப்பு வாடைக்குக் கொசு வராது' என்பது மட்டும் கப்பலேறியிருக்கிறது. பார்த்தவர் கூட்டத்து ஆள் பார்க்காமல் எழுதுவாரா? கொழும்பு அப்படியே போட்டது; அங்கிருந்து வந்த சுருக்கத்தில் அந்த வரி பாஷா கண்ணில் படவில்லை. கெய்ரோ 'பல வருஷங்களாக' என்று ஒரு வார்த்தை சேர்த்தது. ஹாலந்து கொஞ்சம் உருட்டித் திரட்டியது. மதராஸ் 'விஞ்ஞானிகள்' என்று கிரீடம் வைத்தது. பெற்ற பிள்ளை கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றால் தகப்பனுக்கு எப்படி அடையாளம் தெரியும்?

நான் சிரித்துவிட்டேன். பாஷா சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் நானும் நிறுத்திக்கொண்டேன். "இத்தினி வருஷமா மூணு பேரு என் வார்த்தையைப் புரட்டிப் பாக்காமயே போட்டாங்க சார்" என்றார். அவ்வளவுதான். காகிதத்தை எடுத்து மூவருக்கும் எழுத ஆரம்பித்தார். கடிதத்தை நான் பார்த்தேன், தமிழில் சொல்கிறேன். 'கொசு விஷயத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வேடிக்கை பேசியவர் ஒருவர் உண்டு. அது நான். இனி இந்தக் கூட்டத்தில் இருக்க எனக்கு யோக்கியதை இல்லை. தயவுசெய்து சேதியைத் திருத்திப் போடுங்கள்.'

அடுத்தது முதலாளி. 'கண்கூடு' அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது, துண்டு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டப்போகிறேன் என்று பாஷா போய் நின்றார். நிசார் அஹமது சாயபு சட்டம் போட்ட படத்தைப் பார்த்தார், பாஷாவைப் பார்த்தார்.

"நம்ம நாத்தத்துக்கு ஆயுசுல ஒரே ஒரு தபா மரியாதை கெடச்சுது மியான். அதையும் நீயே பேஜார் பண்ணணுமா? கொசு கடிச்சா கடிச்சிட்டுப் போவுது, யாரு பாக்கப்போறா?"

சொல்லிக்கொண்டே பட்டென்று தம் கழுத்தில் ஒரு அறை வைத்துக்கொண்டார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு, "போ, ஒட்டிக்கோ" என்றார். படத்தை மட்டும் கழற்றவில்லை. கண்ணாடி போட்டது வீணாகிவிடுமாம்.

கெய்ரோவும் ஹாலந்தும் பதில் எழுத ஜனவரி ஆயிற்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜினாமாவை ஒருவரும் ஏற்கவில்லை. 'நான் பெரேராவைக் கேட்கவில்லை, அது போதாதென்று பல வருஷங்களாக என்று நானே சேர்த்தேன். நீங்கள் போவதானால் நானும் வருகிறேன், இருவரும் சேர்ந்தே போவோம்' என்று ஃபஹ்மி எழுதினார். கூட்டத்துக்குள் வரும் சேதியையும் யார் பார்த்தது என்று கேட்டபிறகே போடுவது எனப் புதுச் சட்டம் வந்தது. பிப்ரவரியில் நாலு ஊரில், நாலு பாஷையில், நாலு பத்திரிகையின் முதல் பக்கத்திலும் ஒரே திருத்தம்: ஆம்பூரில் கொசு கடிக்கிறது; ஒரு மணி நேரத்தில் பதினேழு. யான்செனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்த வேடிக்கை என்ன, முழுவதும் எழுதுங்கள் என்று கேட்டார். பாஷா இரண்டு பக்கம் விளக்கி எழுதினார். இரண்டு பக்கம் விளக்கிய வேடிக்கைக்கு யார் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

கெங்கம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் அச்சாகி வந்தது நவம்பர் கடைசி ஞாயிறு. பட்டை இடிக்கிற பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை. பாஷா ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். உலக்கைகளைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். கெங்கம்மாள் தலையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் பாதி ஆளாகிவிட்டாள்.

நோட்டீஸில் நான் திருத்திய தமிழைப் பாஷா உரக்கப் படித்தார்; இரண்டு வரி போவதற்குள் அவருக்கே பிடிக்கவில்லை. காகிதத்தை மடித்துவிட்டார்.

"கெங்கம்மா, அந்தச் சேதி ஹாலந்துக்காரன் தப்பு இல்ல. என் தப்பு. நான்தான் மொதல்ல எழுதினேன். பாக்காமயே எழுதினேன்."

"இன்னான்னு எழுதின?"

"நம்ம ஷாப்பு நாத்தத்துக்குக் கொசு மூக்கைப் பொத்திக்கினு ஓடும்னு. சும்மா, வேடிக்கைக்கு."

கெங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொசுக்கு ஏது பாய் கையி, மூக்கப் பொத்திக்க?"

பின்கட்டே சிரித்தது. உலக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கெங்கம்மாளும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. பாஷா நின்ற இடத்திலேயே நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஊர்ல இல்லாதவன் மேல பழியப் போடறது லேசு" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. "அதான் அன்னிக்கு நான் நம்பல. எழுதினவனே வந்து எந் தப்புன்னு இத்தினி பேரு முன்னால சொல்றான்னா, அதுல பொய் இருக்காது."

இடுப்பு மடிப்பிலிருந்து ஆஸ்பத்திரிப் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமலே கசங்கிப்போயிருந்தது. ஒரு மாத்திரையை நாக்கில் வைத்து, பானைத் தண்ணீரை மளமளவென்று ஊற்றிக்கொண்டாள். முகம் எட்டுக் கோணலாயிற்று. பிறகு எழுந்து பாஷாவுக்கு எதிரே வந்து நின்று, தலையை அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டினாள்.

வாஹித் பாஷா குனிந்து, ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு, நாக்கைத் தூக்கும்படி விரலால் சைகை காட்டி, அதன் அடியிலும் பார்த்தார்.